யார் வைத்த கல்? பிரிஞ்சாங் தேயிலைச் சரிவின் உருண்டைப் பாறைகள்

கேமரன் மலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன தேயிலை, ஸ்ட்ராபெரி, குளிர், வார இறுதி வாகன நெரிசல் ஆகியவைதாம். அங்குச் சென்று திரும்பியவர்களின் படங்களில் பச்சைச் சரிவின் முன்னால் குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும். அந்தப் படங்களை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், யானை படுத்திருப்பது போல ஓர் உருண்டைப் பாறை தென்படலாம். சில சரிவுகளில் ஒன்று. சில சரிவுகளில் ஐந்தாறு. செடி வரிசைகள் அதைச் சுற்றி வளைந்து போகும். கவ்வாத்து வெட்டிய மாதங்களில் சரிவு மொட்டையாகும்போது அந்தக் கற்கள் இன்னும் பெரியவையாகத் தெரியும்.

மலை உச்சியில் பாறை இருப்பது வியப்பில்லை. ஆற்றங்கரையில் உருண்டைக் கல் கிடப்பதும் வியப்பில்லை. ஆனால் ஆறும் இல்லாத, செங்குத்துப் பாறையும் இல்லாத நடுச்சரிவில், மென்மையான மண்ணின் மேல், லாரி அளவு கல் ஒன்று தனியாக எப்படி வந்தது? யார் வைத்தது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் அம்மா. அம்மா பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வரை அங்கே லயத்தில் வளர்ந்து, 1980களில் குடும்பத்தோடு ஈப்போ பக்கம் இறங்கி வந்தவர். அப்பா கல்லுடைப்பு ஆலையிலிருந்து கட்டுமான இடங்களுக்குச் சல்லிக்கல் ஏற்றும் லாரியை ஓட்டுபவர். திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதை ஒட்டி, இருவரும் ஒருநாள் முழுக்க மலையில் நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். விருந்து வேண்டாம், தங்கும் விடுதியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிலவியல் படிக்கிற பிள்ளை வந்தால் வழியில் எதையாவது சொல்லுவான் என்று என்னையும் வாலாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வகை மலை

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் பாதையே ஒரு பாடப்புத்தகம். தொடக்கத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளைக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவை சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலின் அடியில் சிப்பி, பவளம் முதலிய உயிர்களின் எச்சங்கள் படிந்து உருவானவை. பத்துமலைக் குகைகளும் ஈப்போ கல்லுமலைக் கோயிலும் இதே வகைப் பாறையில்தான் உள்ளன. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மெல்லக் கரைக்கும். கரைந்தது நீரோடு போய்விடும். எனவேதான் குகை, செங்குத்துச் சுவர், கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது எல்லாம் அங்கே உண்டாகின்றன.

பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும் வெள்ளைக் குன்றுகள் பின்தங்கிவிடுகின்றன. இனி பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். இது கடலில் படிந்ததன்று. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய குழம்பாக ஊடுருவி, மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாகிய தீத்திவங்சா மலைத்தொடர் ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும்பாலும் இந்தக் கருங்கல்லால் ஆனது. இரண்டு பெரும் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்ட காலத்தில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இது உருவானது. அதன் வெப்பம் பட்டுத்தான் கிந்தாவின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறியது. நம் முன்னோர்களில் சிலரும் சீனர்கள் பல்லாயிரவரும் தோண்டிய ஈயமும் இந்தக் கருங்கல்லின் பிள்ளைதான். பாறையில் இருந்த ஈயத்தாது மழையில் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்கில் சேர்ந்தது.

கருங்கல்லும் நீரிடம் தோற்கிறது. ஆனால் அது கரைவதில்லை. அம்மாவின் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நடை

கம்போங் ராஜாவைத் தாண்டி, பிரிஞ்சாங் நகரத்துக்குச் சற்று முன்னால் உள்ள கியா பண்ணைப் பகுதியில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் குறுகிய பாதை பிரிகிறது. அந்தத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தைச் சேர்ந்தது. சிறிது தூரம் சென்றபின் பாதை மீண்டும் பிரிந்து, ஒன்று தேயிலைத் தொழிற்சாலைக்கும் மற்றொன்று ஏறத்தாழ 2,030 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் செல்கிறது. நாங்கள் பசியாறிவிட்டுக் காலை ஏழரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். அம்மா கையில் குடை. அப்பா கையில் வறுத்த மீகூன் பொட்டலங்கள்.

முதல் கல்லைப் பார்த்தவுடனே அம்மா நின்றுவிட்டார்.

"எங்க லயத்துக்கு மேலயும் இந்த மாதிரி ஒன்னு இருந்துச்சு தம்பி. ஆனைக்கல்லுன்னு சொல்லுவோம். பகல்ல அதுமேல ஏறி விளையாடுவோம். ராத்திரி மழை பெஞ்சா ஒருத்தரும் தூங்க மாட்டோம். உருண்டு வந்துடும்னு பயம். மேல இருந்து வந்த கல்லுதானே, இன்னும் கீழ வராதுன்னு என்ன நிச்சயம்?"

"உங்க தாத்தா என்ன சொல்லுவாரு?" என்று அப்பா கேட்டார்.

"பீமன் விளையாடிட்டுப் போட்ட கோலிக்குண்டு, அவன் திரும்பி வந்தாத்தான் நகரும்னு சொல்லுவாரு."

அப்பா சிரித்தார். "வெள்ளக்காரன் ரோடு போடறப்ப வெடி வச்சிருப்பான். அதுல சிதறினதா இருக்கும்" என்றார்.

இப்படியாக மூன்று விடைகள் கிடைத்தன. உருண்டு வந்தது, பீமன் வைத்தது, வெடியில் சிதறியது. மூன்றிலும் ஒரு பொதுக்கருத்து இருக்கிறது. கல் வேறெங்கிருந்தோ இங்கு வந்து சேர்ந்தது என்பதே அது.

உலகமெங்கும் மனிதர்கள் இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் சரிவான பாறையின் மேல் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில், 250 டன் எடை இருக்கலாம் என மதிப்பிடப்படும் ஓர் உருண்டைப் பாறை நிற்கிறது. இப்போது அதைக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்கிறார்கள். வான் இறைக் கல் என்பதும் அதன் பெயர். ஒரு பெயரில் கண்ணன் வைத்தான். மற்றொன்றில் வானம் தந்தது. 1908இல் சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, அது உருண்டு ஊருக்குள் விழுந்துவிடும் என்று அஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாகவும் கல் அசையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. மியன்மாரின் கியாய்க்தியோ பொற்பாறை புத்தரின் தலைமுடியால் தாங்கப்பட்டு நிற்பதாக அங்குள்ள மக்கள் நம்புகிறார்கள்.

ஐரோப்பாவிலும் இத்தகைய தனிக்கற்கள் உண்டு. பெருவெள்ளம் கொண்டுவந்தது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 1837இல் லூயி அகாசி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், முன்னொரு காலத்தில் நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகளே அவற்றைச் சுமந்துவந்தன என்ற கருத்தை முன்வைத்தார். அங்கே அது உண்மை. அந்தக் கற்கள் மெய்யாகவே பயணம் செய்தவை. ஆனால் பிரிஞ்சாங்கில் பனிப்பாறை இருந்ததில்லை. நம் நாட்டில் பனிப்பாறை அரித்த தடம் உள்ள மலை சபாவின் 4,095 மீட்டர் உயரக் கினாபாலுதான்.

சாட்சி சொன்ன வெட்டுமுகம்

அம்மாவின் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். பாதை ஓரத்தில் மலையை வெட்டிய இடம் ஒன்று வரும்வரை காத்திருந்தேன். மண் வெட்டுமுகம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்தது. மேலே கரிய மண், அதன்கீழ் சிவந்த மண், அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையும் புள்ளி புள்ளியாகக் கலந்த ஏதோ ஒன்று. அதன் நடுவே, பலாப்பழத்துக்குள் கொட்டை புதைந்திருப்பது போல, உருண்டைக் கற்கள் புதைந்திருந்தன.

"அந்தப் புள்ளி போட்டதைத் தொடுங்கம்மா" என்றேன்.

அம்மா விரலால் அழுத்தினார். பார்வைக்குப் பாறை போல இருந்தது கையில் பொடியாக உதிர்ந்தது. "என்னடா இது, உளுத்துப்போன கல்லு!" என்றார்.

நிலவியல் முழுக்க அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் மாறியவன் நான். இந்த நிகழ்வுக்கு மலாயில் 'லூலூஹாவா' என்று படித்தேன். தமிழ்ப் பாடநூல்களில் 'வானிலைச் சிதைவு', 'பாறைச் சிதைவு' என்கிறார்கள். தவறில்லை. ஆனால் சிதைவு என்றால் உடைந்து சிதறுவது போல ஒலிக்கிறது. இங்கு நடப்பது வேறு. வடிவம் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் வலு மட்டும் போய்விடுகிறது. மரத்தை உளு அரித்தால் நேரும் அதே கதை.

கருங்கல்லை உற்று நோக்கினால் அதில் மூன்று பொருள்களைக் காணலாம். கண்ணாடி போலச் சாம்பல் நிறத்தில் மின்னுவது குவார்ட்சு, தமிழில் வெங்கச்சங்கல். கறுப்பாய்ப் பளபளக்கும் செதில் அபிரகம். சிறு வயதில் நாம் காக்காப்பொன் என்று பொறுக்கியது. வெள்ளையாகக் கட்டம் கட்டமாக இருப்பது பெல்சுபார். தீத்திவங்சாக் கருங்கல்லில் பல இடங்களில் இந்த வெள்ளைப் படிகங்கள் விரல்கணு அளவுக்குப் பெரியவை, வெறுங்கண்ணால் எண்ணலாம்.

மழைநீர் காற்றிலிருந்தும் மட்கிய இலைகளிலிருந்தும் சிறிது அமிலத்தை ஏற்றுக்கொள்கிறது. அந்த நீர் பட்டால் பெல்சுபார் மெல்ல மெல்ல வெண்களிமண்ணாக மாறுகிறது. அபிரகத்தில் உள்ள இரும்பு துருப்பிடித்து, உப்பி, பக்கத்துத் துகள்களைத் தள்ளுகிறது. மண்ணின் செம்மஞ்சள் நிறம் அந்தத் துருவினால் வருவது. குவார்ட்சு மட்டும் அசையாமல் மணலாக மிஞ்சுகிறது. மூன்று பேர் கைகோத்து நிற்கும்போது இருவர் மயங்கி விழுந்தால் மூன்றாமவர் என்ன செய்வார்? கல் உளுத்துப்போகிறது. தானா ராத்தாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இவ்வளவு நீர் இலட்சக்கணக்கான ஆண்டுகள் இறங்கினால் எவ்வளவு ஆழம் உளுக்கும்? தீத்திவங்சாவில் சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல்.

"அப்படின்னா எல்லாமே உளுத்துப்போயிருக்கணுமே. இது மட்டும் ஏன் கெட்டியா இருக்கு?" என்று அப்பா ஓர் உருண்டையைத் தட்டினார். அது கணீரென்றது.

நல்ல கேள்வி. ஆழத்தில் இறுகிய கருங்கல்லின் மேலிருந்த பாரம் அரிபட்டுக் குறையும்போது, அது சற்றே விரிந்து வெடிப்புகள் விடுகிறது. அவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று திசைகளில் ஓடும். எனவே பாறை பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரிகிறது. நீர் இந்த வெடிப்புகள் வழியாகத்தான் இறங்கும். பெட்டியின் பக்கத்தை நீர் ஒரு திசையிலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு திசைகளிலிருந்து தாக்குகிறது. மூலையை மூன்று திசைகளிலிருந்து. ஆகவே மூலைகள் முதலில் போகும், பிறகு விளிம்புகள். நடுவில் மிஞ்சுவது உருண்டை. சதுரக் கற்கண்டு ஒன்றை வாயில் போட்டுச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள், புரியும். அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிவதையும் அந்த வெட்டுமுகத்தில் கண்டோம்.

வெடிப்புகள் நெருக்கமாக உள்ள இடத்தில் பெட்டிகள் சிறியவை. முற்றிலும் உளுத்து மண்ணாகிவிடும். வெடிப்புகள் அகன்ற இடத்தில் பெட்டி பெரியது. ஆகவே உருண்டையும் பெரியது. ஒரு சரிவில் கல்லே இல்லாமலும் அடுத்த சரிவில் கூட்டமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆக, கல் எங்கிருந்தும் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றியிருந்த மலைதான் போய்விட்டது. உளுத்த பகுதியை மழை அரித்துக் கொண்டுபோக, உளுக்காத கரு மட்டும் வெளியே தெரிகிறது. உயரமான இடத்தில் நின்றுகொண்டு நாம் பார்க்கும் சரிவு, ஒரு காலத்தில் நம் தலைக்கு மேல் இருந்த மலையின் அடிப்பகுதி.

அம்மா உடனே ஏற்கவில்லை. "உருண்டு வந்து மண்ணுல புதைஞ்சிருக்கலாமே?" என்றார். அதற்கும் சாட்சி அந்த வெட்டுமுகத்திலேயே இருந்தது. உளுத்த பகுதியின் ஊடே விரல் தடிமனில் ஒரு வெள்ளைக் குவார்ட்சு நரம்பு சாய்வாக ஓடியது. அது ஓர் உருண்டைக் கல்லுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, அதே கோட்டில் மீண்டும் உளுத்த பகுதிக்குள் சென்றது. கல் உருண்டு வந்திருந்தால் அந்தக் கோடு பொருந்தாது. அம்மா அந்தக் கோட்டை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். அப்பாவோ, "எங்க கல்லுடைப்புலயும் இதுதான். மேல இருக்கிற இந்த உளுத்ததையெல்லாம் வழிச்சுப் போட்டுட்டுத்தான் நல்ல கல்லுக்குப் போவாங்க. ஏன் வழிக்கிறாங்கன்னு இத்தன வருசமா யோசிக்கல" என்றார். கல்லுடைப்பு ஆலையில் இந்தக் கழிவு மண்ணுக்கு மதிப்பில்லை. ஆனால் தேயிலை வேர் பிடித்திருப்பது இந்தக் கழிவில்தான். தேயிலைக்கு அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். உளுத்த கருங்கல் அதைத்தான் தருகிறது. கல்லும் மண்ணும் வேறு வேறு என்று நாம் நினைக்கிறோம். பிரிஞ்சாங்கில் ஒன்று மற்றதன் முதுமை.

பழைய சொல் ஒன்று

உச்சிக்குப் போகும் வழியில் பாசிக்காடு தொடங்குகிறது. அங்கே மேகம் மரங்களுக்குள் நுழைந்து நடக்கிறது. கல், வேர், கிளை எல்லாவற்றையும் பாசி மூடியிருப்பதால் எது கல் எது மரம் என்று தெரிவதில்லை. பாசிக்கடியில் கரிய மட்கு தடிப்பாகக் கிடக்கிறது. அதிலிருந்து கசியும் நீர் அமிலம் மிக்கது. அடியில் உள்ள பாறையை அது இன்றும் உளுக்கவைத்துக்கொண்டிருக்கிறது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பதால் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மீகூனைச் சாப்பிட்டு முடித்தோம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது, இந்த உருண்டைக் கல்லுக்குத் தமிழில் என்ன பெயர் என்று அம்மா கேட்டார். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'கருக்கல்' என்று வரும். ஆனால் கருக்கல் என்றால் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் உள்ள மங்கல் பொழுது! நடுச்சரிவில் கருக்கல் கிடக்கிறது என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். கலைச்சொல் ஆக்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

உண்மையில் புதிதாக ஆக்கவே தேவையில்லை. சங்க இலக்கியத்தில் 'துறுகல்' என்ற சொல் உண்டு. மலைநிலத்தில் கிடக்கும் பருத்த உருண்டைப் பாறைக்கு அது பெயர். குறுந்தொகையின் 47ஆம் பாடலில் வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் துறுகல் ஒன்று, இரவு நிலவொளியில் புலிக்குட்டி போலத் தோன்றுவதாகக் காட்டப்படுகிறது. கரிய உருண்டைக் கல்லின்மேல் மஞ்சள் பூ வரிவரியாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தென்னிந்திய மலைகளிலும் கருங்கல் வகைப் பாறைகள் மிகுதி. அவையும் நம்முடையவை போலவே உளுத்து உருண்டையாகின்றன. அந்தப் புலவர் கண்டது நாம் பிரிஞ்சாங்கில் காணும் அதே உருவம் எனலாம். தேர்வுக்காகப் பொருள் மனப்பாடம் செய்த சொல் ஒன்று, தேயிலைச் சரிவில் கண்முன்னே கிடந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. "துறுகல்" என்று அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆனைக்கல்லுதான் வாய்க்கு வருது" என்றார்.

உருளுமா?

இறங்கும்போது அம்மா தம் பழைய கேள்விக்கே திரும்பினார். யார் வைத்தது என்பதைவிட அவருக்கு முக்கியமானது அதுதான். மழையிரவில் அந்தக் கல் லயத்தின் மேல் வந்திருக்குமா, வந்திருக்காதா?

கல் விழும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. 1973 அக்டோபர் 18ஆம் நாள் ஈப்போவின் குனோங் செரோவில் சுண்ணாம்புக்குன்றின் ஒரு பெரும் பகுதி பெயர்ந்து, அடிவாரத்திலிருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அம்மா பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும், லயத்துப் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் பிள்ளைகளை அடக்குவார்களாம். அங்கே விழுந்தது செங்குத்துச் சுவரிலிருந்து பிரிந்த பாளம். 2015 ஜூன் 5ஆம் நாள் நிலநடுக்கத்தின்போது கினாபாலு உச்சியில் 'கழுதைக் காதுகள்' எனப்படும் இரட்டைப் பாறைகளில் ஒன்று உடைந்ததும் அத்தகையதே. அவை வெட்டவெளியில் நிமிர்ந்து நின்றவை.

துறுகல்லின் நிலை வேறு. நாம் காண்பது பெரும்பாலும் அதன் தலை மட்டுமே. பாதியோ அதற்கு மேலோ உளுத்த பாறைக்குள் அது பிறந்த இடத்திலேயே பொருந்தியிருக்கும். பல்லும் ஈறும் போல. மழை அதன் ஓரங்களில் வழிந்தோடி மண்ணைச் சிறிது சிறிதாக எடுக்கும். காட்டுச்சரிவில் அது மிக மெதுவாக நடக்கும். பாட்டன் காலத்திலும் பேரன் காலத்திலும் கல் அதே இடத்தில் இருக்கும். அம்மாவின் தாத்தா சொன்ன பீமன் கதை, கணக்குப்படி பார்த்தால், அவ்வளவு பிழையில்லை.

ஆனால் ஈற்றைச் சுரண்டினால் பல் ஆடும். அடிச்சரிவைச் செங்குத்தாக வெட்டினாலோ, காட்டை அழித்து மண்ணை வெறுமையாக விட்டாலோ, நீர் வடியும் வழியை மாற்றினாலோ, உளுத்த பகுதி நீர் குடித்துக் கனத்துச் சரியும். அப்போது அதில் பதிந்திருந்த துறுகற்களும் சேர்ந்து இறங்கும். மலைச்சாலைகளில் சரிந்து கிடக்கும் சேற்றுக்குள் பெரிய கற்களைக் காண்கிறோமே, அவை இப்படி வந்தவை. கல் உருண்டதால் மண் சரியவில்லை. மண் சரிந்ததால் கல் உருண்டது.

தேயிலை இதில் ஓரளவு நல்லது என்பது என் கருத்து. அடர்ந்த செடிகள் சரிவை மூடியிருக்கின்றன. ஆழமான வேர்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கின்றன. காட்டுக்கு இணையில்லை, ஆனால் சில மாதங்களுக்கொருமுறை பிடுங்கி நடும் காய்கறிப் பாத்திகளோடு ஒப்பிட்டால் மண்ணை எவ்வளவோ காக்கிறது. சுங்கை பாலாசிலிருந்து இறங்கும்போது எதிர்மலைகளில் வெட்டிச் சமன்செய்த செம்மண் படிகளையும், நெகிழிக் கூரை வேய்ந்த தோட்டங்களையும் பார்த்தோம். அங்கிருந்து கிளம்பும் மணல் எங்கே போகிறது என்பதை ரிங்லெட்டில் காணலாம். 1963இல் இயங்கத் தொடங்கிய சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் அந்த மணலும் சேறும் மலைபோலச் சேர்ந்து, நீர் நிற்கும் இடத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. 2013 அக்டோபர் 23ஆம் நாள் கனமழையில் அணைநீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. ஏரியிலிருந்து வாரும் மணலைக் கையிலெடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மின்னும் அந்தத் துகள்கள் குவார்ட்சு. கைகோத்து நின்ற மூவரில் மிஞ்சிய மூன்றாமவர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப எங்க லயத்துக்குப் பின்னாடி மண்ண வெட்டுனாங்களா?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "வெட்டல. தாத்தா விடமாட்டாரு. கல்லுக்குக் கீழ புல்லக்கூடச் செதுக்காதேன்னு திட்டுவாரு" என்றார். அந்தப் பெரியவர் எந்த வகுப்பிலும் நிலவியல் படித்தவரல்லர். மலையில் மண்வெட்டி பிடித்தவர். பீமன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னவரே இதையும் சொல்லியிருக்கிறார்.

மாலை நான்கு மணிக்குக் காருக்குத் திரும்பினோம். அம்மாவின் பழைய தோட்டத்துக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார். லயங்களை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதால் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கல் மட்டும் இருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

அடுத்த முறை கேமரன் மலைக்குச் செல்லும் அன்பர்கள், சிம்பாங் பூலாய் பாதையின் வெட்டுமுகங்களைக் கவனியுங்கள். காரை வளைவில் நிறுத்தாமல், அகலமான ஓரம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். மழை நாளில் வெட்டுமுகத்தின் அடியில் நிற்க வேண்டாம். மண்ணுக்குள் பாதி புதைந்த துறுகல் ஒன்றைத் தேடுங்கள். அதைச் சுற்றி வெங்காயத்தோல் போன்ற அடுக்கு இருக்கிறதா, வெள்ளை நரம்பு ஏதேனும் கல்லுக்குள்ளும் வெளியிலும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டிமார் இத்தகைய கல்லுக்கும், கையில் உதிரும் அந்த உளுத்த பாறைக்கும் ஏதேனும் பெயர் வைத்திருந்தால் கேட்டுக் குறித்துக்கொண்டு நம் கழகத்துக்கு எழுதியனுப்புங்கள். முதலாவதற்குத் துறுகல் என்ற சொல் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு இப்போதைக்கு என்னிடம் இருப்பது அம்மாவின் 'உளுத்த கல்' மட்டுமே.